தேனீப் பெட்டியும் அதன் பகைகளும்



தேனீ வளர்ப்பைப் பற்றி நாம் கேட்கும் பேச்சுக்களில் பெரும்பாலானவை தேனின் இனிமையையும், தேனீயின் சுறுசுறுப்பையும், அதனால் வரும் வருவாயையும் எடுத்துரைப்பன. அவை யாவும் உண்மையே. ஆயினும், பெட்டியை வாங்கித் தோட்டத்தில் வைத்தவர்களில் பலர், ஓராண்டு கழிவதற்குள் வெறும் மரப்பெட்டியையும் சிலந்தி நூல் போன்ற வலை படிந்த கரிய அடைகளையும் மட்டுமே காண்கின்றனர். தேனீக்கள் எங்கே போயின, ஏன் போயின என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. "ராசி இல்லை" என்று சொல்லிப் பெட்டியை விறகாக்கி விடுவோரும் உண்டு. ராசிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தேனீக் கூட்டத்துக்குப் பகைகள் சில உண்டு. அவற்றை இன்னவென்று அறிந்து, உரிய காலத்தில் தடுத்தால் கூட்டம் நிலைத்து நிற்கும். அதனையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இது பயன்படும் செய்தி. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர், ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும் பருவத்தில் தம் பெட்டிகளைக் கேரளத் தோட்டங்களுக்கு எடுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். ரப்பர்த் தளிர்களின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே அங்கே தேனாகிறது. குடகின் காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரும், மராட்டிய மாநிலத்திலும் டில்லியிலும் வீட்டுப் புறத்தில் ஓரிரு பெட்டி வைத்திருப்போரும் உளர். ஊர் மாறும்போது தட்பவெப்பம் மாறுகிறது. பூக்கும் காலம் மாறுகிறது. பகைகள் தலையெடுக்கும் மாதமும் மாறுகிறது. சொந்த ஊரில் பெற்ற அனுபவம் மட்டும் போதாமற் போவது இதனால்தான்.

இருவகைத் தேனீக்கள்

முதலில், நம் பெட்டியில் இருப்பது எந்தத் தேனீ என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாட்டில் பெரிதும் வளர்ப்பது மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் இயல்பாக வாழும் இந்தியத் தேனீ. திருச்சிராப்பள்ளியைச் சார்ந்து பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் 1910-களில் இதன் உருவத்துக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை அமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. வட மாநிலங்களில் பெரிதும் வளர்ப்பது இத்தாலியத் தேனீ. அது 1962-ஆம் ஆண்டில், அப்போது பஞ்சாபைச் சேர்ந்திருந்ததும் இப்போது இமாசலப் பிரதேசத்தில் உள்ளதுமான நக்ரோட்டா பக்வான் என்னும் ஊரில் வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டது.

இவ்விரண்டின் இயல்பும் வேறு. இத்தாலியத் தேனீ மிகுதியாகத் தேன் தரும். இருந்த இடத்தை எளிதில் விட்டு நீங்காது. ஆனால் நம் நாட்டுப் பகைகளுடன் போராடப் பழகாதது. இந்தியத் தேனீ பல தலைமுறைகளாக இப்பகைகளோடு வாழ்ந்து, தற்காப்பு முறைகள் சிலவற்றைக் கைவரப் பெற்றது. ஆனால் தொல்லை மிகுந்தால் எதிர்த்து நில்லாமல், ராணியுடன் கூட்டம் முழுவதும் பெட்டியைத் துறந்து பறந்துவிடும். ஆகவே இந்தியத் தேனீ வளர்ப்போர்க்குப் பூச்சித் தொல்லை என்பது சிறிது தேன் குறைவதோடு முடிவதில்லை. ஒரே நாளில் எல்லாம் போய்விடக் கூடும்.

மெழுகு அந்துப்பூச்சி

பகைகளுள் முதலிடம் பெறுவது மெழுகு அந்துப்பூச்சி. சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடைய இந்தச் சிறு பூச்சி மாலை மயங்கிய பின் பெட்டிக்குள் நுழைந்து, பலகை இடுக்குகளிலும் விரிசல்களிலும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பமான காலத்தில் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரித்துப் புழு வெளிவரும். புழு அடையின் நடுச்சுவரைத் துளைத்துச் சுரங்கம் அமைத்து, நூல் நூற்றுக்கொண்டே முன்னேறும். முதிர்ந்த புழு பெட்டியின் மரத்தையும் குழிவாகக் கடித்து, அங்கே கூடு கட்டி உறங்கும். பெயர் மெழுகுப் பூச்சியாயினும் மெழுகு மட்டும் அதற்குப் போதிய உணவன்று. அடையில் தங்கிய மகரந்தமும், தேனீப் புழுக்கள் உரித்த தோலுமே அதனை வளர்ப்பவை. புதிய வெள்ளை அடையை அது அதிகம் நாடாமல், பழைய கறுத்த அடையை விரும்புவதன் காரணம் இதுவே.

இக்காரணத்தை அறிந்தால், செய்ய வேண்டியவை தாமே விளங்கும். பெட்டியில் விரிசல் இருத்தலாகாது. இருப்பின் களிமண்ணாலோ மெழுகாலோ அடைத்துவிட வேண்டும். இந்தியத் தேனீ பழைய அடையைக் கடித்துத் துகளாக்கி அடிப்பலகையில் உதிர்க்கும் இயல்புடையது. அத்துகளே அந்துப்பூச்சிக்கு நாற்றங்கால். ஆகவே வாரம் ஒருமுறை, தவறினால் பத்து நாளுக்கு ஒருமுறை, அடிப்பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்தல் வேண்டும். துடைத்த துகளைப் பெட்டியின் அடியிலேயே கொட்டாமல் எரித்தோ புதைத்தோ விடவேண்டும். இரண்டாண்டு பழகிய கறுத்த அடைகளைப் படிப்படியாக நீக்கிப் புதிய அடை கட்டச் செய்ய வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பெட்டியில் உள்ள ஒவ்வோர் அடையின் மீதும் தேனீக்கள் நெருக்கமாக மூடியிருக்க வேண்டும். தேனீ இல்லாத அடை காவலில்லாத வயலைப் போன்றது. கூட்டம் சுருங்கும் காலத்தில் மிகுதியான சட்டங்களை வெளியே எடுத்துவிடுதலே அறிவுடைமை.

அடையில் ஓரிரு சுரங்கம் மட்டும் காணப்பட்டால், புழுவை ஊசியால் எடுத்து நசுக்கிவிடலாம். அடை முழுவதும் வலை படிந்துவிட்டால், தேனீக்களை நல்ல அடைகளின் மேல் உதறி, ராணி பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கெட்ட அடையை அன்றே உருக்கிவிட வேண்டும். நாளை பார்ப்போம் என்று அதனை மூலையில் சாத்தி வைத்தால், அடுத்த தலைமுறைப் பூச்சிகள் அங்கிருந்தே புறப்படும்.

எடுத்து வைத்த நல்ல அடைகளைக் காப்பது எப்படி என்று கேட்கலாம். குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு நாள் வைத்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு யாவும் மடியும். பின்னர்ப் பூச்சி புகாவண்ணம் பையிலிட்டு இறுகக் கட்டி வைக்கலாம். அவ்வசதி இல்லாதவர், தேனோ தேனீயோ இல்லாத அடைகளை வெறும் பெட்டியில் அடுக்கி, வீட்டுக்கு வெளியே கந்தகப் புகை இடுவது வழக்கம். அப்புகை புழுக்களைக் கொல்லுமேயன்றி முட்டைகளைக் கொல்லாது. எனவே இரு வாரம் கழித்து மறுமுறையும் புகையிட வேண்டும். அவ்வடைகளைத் தேனீக்களுக்குக் கொடுக்குமுன் நன்றாகக் காற்றாட விடுதல் அவசியம். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மெழுகு அதன் மணத்தையும் நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும்; அது பின்னர்த் தேனில் இறங்கும்; அத்தேனை நாக்கில் வைத்துச் சுவைப்பது நம் வீட்டுக் குழந்தையே.

எறும்புகள்

கட்டெறும்பு, செவ்வெறும்பு, மரங்களில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு ஆகியவை தேனையும் புழுக்களையும் நாடி வரும். முசுறுப் படை ஓர் இரவில் புகுந்துவிட்டால், வலுவிழந்த கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். பெட்டியை நான்கு கால் உள்ள தாங்கியின் மேல் வைத்து, ஒவ்வொரு காலையும் நீர் நிறைந்த கிண்ணத்தில் நிறுத்துவதே பழமையான, இன்றும் சிறந்த வழி. ஆனால் நகரங்களில் இதில் ஓர் இடர் உண்டு. தேங்கிய நீரில் கொசு பெருகும். டெங்குக் காய்ச்சல் பரவும் டில்லி போன்ற நகரங்களில் அது அண்டை வீட்டாரின் நலத்தையும் கெடுக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை முழுவதும் கொட்டிப் புது நீர் விடவேண்டும். அதற்கு நேரமில்லாதவர் கிண்ணத்தை விடுத்து, தாங்கியின் கால்களில் நான்கு விரற்கடை அகலத்துக்கு மசகுக் களிம்பு பூசலாம். தூசி படிந்து உலரும்போது மீண்டும் பூச வேண்டும்.

நீர்க்கிண்ணம் வைத்தும் எறும்பு ஏறுகிறதே என்று வியப்பவர், பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் புல்லையோ கிளையையோ முதலில் தேடட்டும். அதுவே எறும்பின் பாலம். பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுக்கும்போது, மாலையில் பெட்டிக்குள்ளேயே கொடுத்து, ஒரு துளியும் வெளியே சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்துப் பொடியைத் தாங்கியைச் சுற்றித் தூவுவோர் உண்டு. எறும்பும் தேனீயும் பூச்சி இனமே. ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றொன்றை விட்டு வைப்பதில்லை.

குளவிகள்

குளவி பெட்டி வாயிலின் எதிரே வட்டமிட்டு, மகரந்தச் சுமையுடன் களைத்து வரும் தேனீயைப் பிடித்துச் செல்லும். கூட்டம் நலிந்திருந்தால் உள்ளேயே புகுந்து சூறையாடும். மழைக்காலத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும் இத்தொல்லை மிகும். இந்தியத் தேனீ இதற்கு ஒரு வியக்கத்தக்க விடை வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான தேனீக்கள் குளவியைப் பந்துபோல் சூழ்ந்து, தம் பறவைத் தசைகளை அதிரச் செய்து வெப்பத்தை எழுப்பும். அவ்வெப்பம் 45 பாகைச் சென்டிகிரேடுக்கும் மேலே செல்லும். குளவி அதனைத் தாங்காமல் மடியும். தேனீயோ அதைவிடச் சில பாகை கூடுதலான வெப்பத்தையும் தாங்கும். இத்தாலியத் தேனீக்கு இக்கலையில் அத்தகைய தேர்ச்சி இல்லை. அதற்கு நம் துணை மிகுதியும் வேண்டும்.

குளவிக் காலத்தில் பெட்டி வாயிலைக் குறுக்கி, ஒரே வேளையில் இரண்டு மூன்று தேனீக்கள் மட்டும் செல்லக்கூடியதாக்க வேண்டும். அப்போது காவல் தேனீக்கள் அதனை எளிதில் காக்கும். வாயிலருகே வரும் குளவிகளைத் தட்டையான மரச்சட்டத்தால் அடித்து வீழ்த்தலாம். வசந்த காலத்தில் தனியாகப் பறந்து திரியும் பெரிய குளவி, புதுக் கூடு கட்ட இடம் தேடும் ராணியாகும். அந்த ஒன்றை அப்போது ஒழித்தால், பின்னர்ப் பல நூறு குளவிகள் தோன்றுவது நின்றுவிடும். பெரிய குளவிக் கூட்டை நாமே கலைக்க முற்படுவது உயிருக்கு ஆபத்தானது. அதனைப் பழக்கமுள்ளவரிடமோ தீயணைப்பு நிலையத்தாரிடமோ விட்டுவிட வேண்டும்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணிகள்

இத்தாலியத் தேனீ வளர்ப்போர் பெரிதும் அஞ்ச வேண்டியது வரோவா என்னும் உண்ணியை. கடுகினும் சிறியதாய், செம்பழுப்பு நிறத்தில், நண்டு போலத் தட்டையாக இருக்கும். தேனீப் புழுவின் அறை மெழுகால் மூடப்படும் தருவாயில் இது உள்ளே நுழைந்து, அங்கேயே இனம் பெருக்கும். இதன் பழைய இல்லம் இந்தியத் தேனீயே. ஆனால் அதன் கூட்டில் இவ்வுண்ணி ஆண் தேனீ வளரும் அறைகளில் மட்டுமே பெருகுகிறது. வேலைக்காரத் தேனீக்களும் அதனைத் துடைத்து அகற்றிவிடுகின்றன. ஆகையால் இந்தியத் தேனீப் பெட்டிக்கு உண்ணி மருந்து பொதுவாக வேண்டியதில்லை. இத்தாலியத் தேனீயின் கூட்டில் வேலைக்காரத் தேனீயின் அறைகளிலும் அது பெருகுவதால், சிறகு சுருங்கிய தேனீக்கள் வாயிலின் முன் தவழ்வதைக் காணலாம். அந்நிலையில் கூட்டம் பாதி அழிந்துவிட்டது என்றே பொருள்.

அதற்கு முன்பே கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. ராணி இல்லாத ஒரு புழு அடையிலிருந்து அரைக் கோப்பை அளவு, அதாவது ஏறக்குறைய 300 தேனீக்களை, கம்பிவலை மூடியிட்ட அகன்ற வாய்ப் புட்டியில் இடுங்கள். நன்கு பொடித்த சர்க்கரை இரண்டு கரண்டி சேர்த்து மெல்ல உருட்டி, இரண்டு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் தட்டின் மேல் வலை வழியே சர்க்கரையை உதிர்த்துப் பாருங்கள். பிடி தளர்ந்த உண்ணிகள் சர்க்கரையோடு விழும். தேனீக்களுக்குத் தீங்கு இராது. 9 உண்ணிகளோ அதற்கு மேலோ காணப்பட்டால், நூற்றுக்கு மூன்று என்ற எல்லையைத் தொல்லை எட்டிவிட்டது எனக் கொண்டு, உடனே செயலில் இறங்க வேண்டும்.

உண்ணி ஆண் தேனீ அறையையே முதலில் நாடும் என்பதால், அவ்வறைகள் மூடப்பட்ட பின்னரும் ஆண் தேனீக்கள் வெளிவருமுன்னரும் அப்பகுதியை வெட்டி எடுத்து அழிப்பது மருந்தில்லா வழி. அதுவும் போதாதபோது எறும்பமிலம், ஆக்சாலிக் அமிலம் ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர். இவை தோலையும் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்குவன. அளவறிந்த வேளாண்மைத் துறையினரின் நேரடி வழிகாட்டுதலுடன், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தேன் எடுக்கும் அறையை நீக்கிய பின்னரே கையாள வேண்டும்.

வேறோர் உண்ணி இதனினும் சிறியது, அடையின் மேல் விரைந்து ஓடுவது, மலைத்தேனீயிடமிருந்து வந்தது. புழு இல்லாமல் அதனால் சில நாட்களுக்கு மேல் உயிர் வாழ இயலாது. ஆகவே ராணியைச் சிறு கூண்டில் மூன்று வாரம் அடைத்து முட்டையிடாமல் தடுத்து, எஞ்சிய ஆண் தேனீ அறைகளையும் அகற்றிவிட்டால் அது உணவின்றி மடிகிறது.

பிற பகைகளும் ஒரு நோயும்

பஞ்சுருட்டான் குருவியும் கரிச்சானும் மேகமூட்டமான நாட்களில் தேனீக்களை மிகுதியாகப் பிடிக்கும். அவற்றைக் கொல்லுதல் தகாது; வயலுக்கு அவை செய்யும் நன்மை பெரிது. பெட்டிகளை மரநிழலுக்கு மாற்றினால் போதும். தேரையும் பல்லியும் எட்டாத உயரத்தில் தாங்கி இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிறு கூட்டு வண்டு 2022-இல் மேற்கு வங்காளத்தில் காணப்பட்டது. கருமை கலந்த பழுப்பு நிறமுடைய இவ்வண்டின் புழுக்கள் அடையில் ஊர்ந்து தேனைப் புளிக்கச் செய்யும். கிழக்கு மாநிலங்களில் வாழும் நேயர்கள் இத்தகைய வண்டைக் கண்டால், பெட்டியை இடம் மாற்றாமல் வேளாண்மை அலுவலகத்துக்குத் தெரிவிப்பது கடமையாகும்.

பூச்சித் தொல்லையையும் நோயையும் ஒன்றெனக் கருதலாகாது. வலையோ சுரங்கமோ இல்லாமல், புழுக்கள் நீர் நிறைந்த பைபோல வீங்கி, தலை நிமிர்ந்து அறைக்குள் இறந்து கிடந்தால், அது தாய்லாந்துப் பைப்புழு நோய். 1991-92-இல் இந்த நச்சுயிரி நோய் தென்னாடெங்கும் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிட்டது. தேனையே நம்பியிருந்த குடும்பங்கள் குடகிலும் கேரளத்திலும் குமரியிலும் அன்று கைத்தொழிலை இழந்தன. இதற்கு மருந்து இல்லை. நோயுற்ற பெட்டியின் அடையையும் கருவியையும் மற்றொரு பெட்டிக்குக் கொண்டு செல்லாதிருத்தலும், நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்து புதுக் கூட்டம் பிரித்தலுமே நமக்குள்ள வழிகள்.

ஊருக்குச் செல்லுமுன்

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குச் சென்று மூன்று நான்கு வாரம் தங்குவது இயல்பு. அந்துப்பூச்சி ஓர் அடையை அழிக்க அந்த அவகாசம் போதும். எனவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டியைத் திறந்து, தேனீ மூடாத அடைகளை நீக்குங்கள், அடிப்பலகையைத் துடையுங்கள், விரிசலை அடையுங்கள், உணவு இருப்பைப் பாருங்கள், குறைவாயின் பாகு கொடுங்கள், கால்களுக்குக் களிம்பு பூசுங்கள், வாயிலைக் குறுக்குங்கள். தேனை முழுவதும் எடுத்துக்கொண்டு செல்லும் பேராசை வேண்டாம். அது தேனீக்களின் பஞ்ச காலச் சேமிப்பு. கேரளத்திலும் குடகிலும் சூன் முதல் ஆகஸ்டு வரை பெருமழையும் பூப்பஞ்சமும் சேர்ந்து வரும். வட மாநிலச் சமவெளிகளில் சூலை முதல் செப்டம்பர் வரை அத்தகைய காலம். டிசம்பருக்கு மேல் கடுகு பூக்கத் தொடங்கியதும் கூட்டம் மீண்டும் பெருகும். பெட்டியைச் சோதிக்கும் நாட்களை இம்மாதங்களில் நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்டை அயலாரிடம் உதவி கேட்க அவர்கள் மொழியில் ஒரு சொல் தெரிந்திருத்தல் நன்று. குளவியை இந்திக்காரர் 'ததையா' என்பர். மராட்டியர் 'காந்தீல்மாஷி' என்பர். கன்னடத்தார் 'கணஜ' என்பர். மலையாளத்தார் 'கடந்நல்' என்பர். அவ்வூரில் பல ஆண்டு தேனீ வளர்த்தவர் ஒருவரை அறிமுகம் செய்துகொண்டால், எந்த மாதத்தில் எந்தப் பகை வரும் என்பதை அவர் ஒரு பேச்சில் சொல்லிவிடுவார். மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகங்களும், 1962-இல் புனேயில் தொடங்கப்பெற்ற மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையமும் இத்துறைக்குப் பெருந்தொண்டு ஆற்றியுள்ளன.

நேயர்களே, இதுவரை கூறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு மிகக் குறைவு. ஒரு துடைப்பம், ஒரு கைப்பிடிக் களிமண், சிறிது சர்க்கரை, வாரத்தில் அரைமணி நேரம், இவையே வேண்டுவன. வலுவான கூட்டம் தன்னைத் தானே பெரிதும் காத்துக்கொள்ளும். கூட்டத்தை வலுவாக வைத்திருப்பதும், அதன் கைக்கு மீறிய பகையை மட்டும் நாம் தடுப்பதுமே தேனீ வளர்ப்போனின் பணி. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டியின் அடிப்பலகையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அங்கே காணும் துகளும் புழுவுமே, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதை உங்களுக்கு உணர்த்திவிடும்.